நேப்பியர் அட்டவணையில் 30 பாகைக்கு 69,31,469: இது எந்த அடிமானம்?

சூளைமேடு_கணிதம்:

வணக்கம். பள்ளிக் கணிதக் கண்காட்சிக்குப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் மடக்கை பிறந்த கதையைத் தலைப்பாக எடுத்திருக்கிறார்கள். சென்னையில் நடப்பதால் நம்ம ஊர்த் தொடர்பு ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்க ஆசை. இப்போது சிக்கி நிற்கும் இடங்கள் இவை.

1614ல் ஜான் நேப்பியர் வெளியிட்ட அட்டவணையில் 30 பாகைக்கு நேரே சைன் 50,00,000 என்றும் அதன் மடக்கை 69,31,469 என்றும் இருக்கிறது. கால்குலேட்டரில் 0.5க்குப் பொது மடக்கை (அடிமானம் 10) −0.30103, இயல்மடக்கை (அடிமானம் 2.71828) −0.6931472. இலக்கங்கள் இயல்மடக்கையோடு ஒத்துப்போகின்றன. ஆனால் குறி நேர்மறை, கடைசியில் 72 வர வேண்டிய இடத்தில் 69. இது அச்சுப்பிழையா? அடிமானம் எது? சில இடங்களில் 2.71828இன் தலைகீழ்தான் அடிமானம் என்று எழுதியிருக்கிறார்கள்.

பாடப்புத்தகம் மடக்கையை அடுக்கின் மறுபக்கம் என்று சொல்லித் தொடங்குகிறது. அப்படியானால் நேப்பியர் 1, 2, 3 என்ற எண்களை விட்டுவிட்டுக் கோணங்களின் சைனுக்கு ஏன் அட்டவணை போட்டார்?

வீரசேனர் என்ற சமண அறிஞர் நேப்பியருக்குப் பல நூற்றாண்டு முன்பே மடக்கையைக் கண்டுபிடித்தார் என்று ஒரு மாணவி எழுதி வந்திருக்கிறாள். சுவரொட்டியில் போடலாமா?

கடைசியாக, பார்வையாளர் முன்னால் பிள்ளைகள் கையாலேயே ஒரு மடக்கை அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். யாருடைய முறை சரிப்படும்?

---

அடையாறு_ஆலமரம்:

டீச்சர், அடிமானக் கேள்வியிலிருந்து வருகிறேன். அது தெளிந்தால் 69ம் தெளிந்துவிடும்.

1614ல் அடிமானம் என்ற எண்ணமே கிடையாது. எண்ணின் தலைமேல் சின்னதாக அடுக்கை எழுதும் வழக்கத்தை டெகார்ட் நிலைநிறுத்தியது 1637ல். மடக்கையை அடுக்கின் மறுபக்கமாக வைத்து ஆய்லர் பாடம் கட்டியது 1748ல். நம் பாடப்புத்தகம் தொடங்கும் இடம் வரலாற்றில் 130 ஆண்டு கழித்து வருகிறது. பிள்ளைகளின் குழப்பத்துக்கு இந்த வரிசை மாற்றமே காரணம் என்பது என் கருத்து.

நேப்பியர் கையில் இருந்தது இயங்கும் இரண்டு புள்ளிகள். முதல் கோட்டின் நீளம் சரியாக ஒரு கோடி. அதில் ஒரு புள்ளி ஓடுகிறது, ஆனால் எவ்வளவு தூரம் மீதி இருக்கிறதோ அதற்குத் தக்க வேகத்தில். பாதித் தூரம் மீதி என்றால் வேகமும் பாதி. இன்னொரு கோட்டுக்கு முடிவே இல்லை. அதில் இரண்டாவது புள்ளி தொடக்க வேகம் மாறாமல் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் கிளம்புகின்றன. முதல் கோட்டில் மீதி இருக்கும் நீளம் சைன். அதே கணத்தில் இரண்டாவது புள்ளி கடந்த தூரம் அந்தச் சைனின் மடக்கை. சம நேரத்தில் முதல் புள்ளியின் மீதி சம விகிதத்தில் குறைகிறது, இரண்டாவதன் தூரம் சம அளவு கூடுகிறது. பெருக்குத் தொடர் வரிசையும் கூட்டுத் தொடர் வரிசையும் கைகோத்து நடக்கின்றன. லோகோஸ் என்றால் விகிதம், அரித்மோஸ் என்றால் எண். அந்த இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி நேப்பியர் கட்டியதுதான் மடக்கைக்கு லாகரிதம் என்ற பெயர். அதற்கு முன் அவர் இவற்றைச் செயற்கை எண்கள் என்றே அழைத்தார்.

இதில் ஒரு கோடிக்கு மடக்கை 0. எண் குறையக் குறைய மடக்கை வளரும். குறி நேர்மறையாக இருப்பது அதனால்தான். இன்றைய மொழியில் எழுதினால், நேப்பியர் மடக்கை = 1 கோடி × (1 கோடி ÷ எண்) என்பதன் இயல்மடக்கை. 50,00,000க்கு 1 கோடி × 0.69314718 = 69,31,472. தலைகீழ் அடிமானம் என்பது நாம் பின்னாலிருந்து ஒட்டும் சீட்டு. ஒரு கோடி என்ற பெருக்கல் காரணியை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. சுவரொட்டியில் அந்த வரி வேண்டாம்.

இனி 69. அது அச்சுப்பிழை அல்ல, கணக்குப்பிழை. எந்த வரியில் நேர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1619ல், அவர் மகன் வெளியிட்ட இரண்டாவது நூலில் அட்டவணை செய்த விதம் படிப்படியாக இருக்கிறது.

முதல் துணை அட்டவணை: 1,00,00,000இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் கோடியில் ஒரு பங்கைக் கழித்து, 100 படி. கடைசி எண் 99,99,900.000495. முதல் படியின் மடக்கை 1க்கும் 1.0000001க்கும் இடையில் என்று நிறுவி, நடுவில் 1.00000005 என்று எடுத்துக்கொண்டார். எனவே 100ஆவது படியின் மடக்கை 100.000005.

இரண்டாவது: லட்சத்தில் ஒரு பங்கு கழித்து 50 படி. முதல் படி 99,99,900. முந்தைய அட்டவணையின் கடைசி எண்ணுக்கும் இதற்கும் 0.000495தான் வித்தியாசம். ஆகவே மடக்கை 100.0005, ஐம்பதாவது படியில் 5000.025. இங்கேதான் சறுக்கல். ஐம்பதாவது எண் 99,95,001.224804 என்று வர வேண்டும். அவர் கணக்கில் 99,95,001.222927.

மூன்றாவது: 69 பத்திகள். பத்திக்குள் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கழித்து 20 படி. அடுத்த பத்தி நூற்றில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்கும். பத்தியின் இரண்டாவது எண் 99,95,000. அதன் மடக்கைக்கு நங்கூரம் அந்த ஐம்பதாவது எண். சரியான மடக்கை 5001.2504. அவருக்குக் கிடைத்தது 5001.2485. வித்தியாசம் 0.0019க்கும் கொஞ்சம் குறைவு.

அற்பமாகத் தெரிகிறதா? ஒரு கோடியிலிருந்து அரைக் கோடி வரை இறங்க இந்தப் படியை ஏறக்குறைய 1,386 தடவை வைக்க வேண்டும். 1,386 × 0.001877 = 2.6. சரியான 69,31,471.8இல் 2.6 போனால் 69,31,469.2. நீங்கள் அட்டவணையில் பார்த்த எண் அதுவே. அடிப்படை எண்ணில் மூன்றாவது தசமத்தில் நுழைந்த பிழை, முழு அட்டவணையின் ஏழாவது இலக்கத்தைத் தின்றிருக்கிறது. இருபது ஆண்டு உழைப்பில் இவ்வளவு சிறிய சறுக்கல் ஒன்றுதான் இப்படிப் பரவியது என்பதே எனக்கு வியப்பு. கண்காட்சியில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

---

மாம்பலம்_கணக்கர்:

ஆலமரம் சார் சொன்னதோடு சைன் கேள்வியைச் சேர்க்கிறேன்.

அன்றைக்குச் சைன் ஒரு விகிதம் அல்ல, ஒரு நீளம். வட்டத்தின் அரை நாண். ஆரியபட்டர் ஆரத்தை 3438 என்று வைத்து ஜ்யா அட்டவணை தந்தார். நேப்பியர் ஆரத்தை ஒரு கோடி என்று வைத்தார். தசமப் புள்ளி பழக்கத்துக்கு வராத காலம் அது. ஆரத்தை ஒரு கோடியாக வைத்துக்கொண்டால் ஏழு இலக்கத் துல்லியமும் முழு எண்ணாகவே கிடைக்கும்.

பெருக்கலில் வதைபட்டவர்கள் வானியலாரும் மாலுமிகளும். ஒரு கோள முக்கோணத்தைத் தீர்க்க ஏழு இலக்கச் சைன் ஒன்றை ஏழு இலக்கச் சைன் இன்னொன்றால் பெருக்கி, ஆரத்தால் வகுக்க வேண்டும். அதாவது விடை = அ × ஆ ÷ 1 கோடி. இப்போது நேப்பியர் ஒரு கோடிக்கு மடக்கை 0 என்று வைத்ததன் அழகைப் பாருங்கள். விடையின் மடக்கை = அ மடக்கை + ஆ மடக்கை. ஆரத்தால் வகுக்கும் வேலை காணாமலே போய்விட்டது. அவருடைய மடக்கை முக்கோணவியலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை.

அதற்கு முன்பும் குறுக்குவழி ஒன்று இருந்தது. இரண்டு சைன்களின் பெருக்கம் = கோண வித்தியாசத்தின் கோசைனில் கோணக் கூட்டலின் கோசைனைக் கழித்து, அதில் பாதி. வானியலாளர் டைக்கோ பிராஹேயின் ஆய்வகத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். பெருக்கலுக்குச் சரி, வகுத்தலுக்கு இழுபறி, வர்க்கமூலத்துக்கு உதவவே உதவாது.

சாதாரண எண்களிடம் வந்தால் நேப்பியர் மடக்கையும் தடுமாறும். அதில் 1இன் மடக்கை 0 அல்ல, சரியான மதிப்பு 16,11,80,957 அருகே. 2 × 3 என்று பெருக்க, இரண்டு மடக்கையையும் கூட்டி இந்தப் பெரிய எண்ணைக் கழிக்க வேண்டும். பத்தால் பெருக்கினாலும் 2,30,25,851ஐக் கழிக்க வேண்டும். லண்டனில் கிரெஷாம் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ் இதைக் கவனித்தார். 1615 கோடையில் எடின்பரோ போய் நேப்பியரோடு தங்கிப் பேசினார், 1616இலும் போனார். 1க்கு மடக்கை 0 என்று வைக்கலாம் என்ற யோசனை நேப்பியருடையதே. நேப்பியர் 1617ல் இறந்தார். அதே ஆண்டு பிரிக்ஸ் 1 முதல் 1000 வரை 14 தசம இலக்கத்தில் பொது மடக்கை வெளியிட்டார். 1624ல் 1 முதல் 20,000, 90,000 முதல் 1,00,000. நடுவில் விட்ட 70,000 எண்களையும் நிரப்பி 1628ல் 10 இலக்கத்தில் வெளியிட்டவர் ஹாலந்துக்காரர் ஏட்ரியன் விளாக்.

நம்ம ஊர்த் தொடர்பு கேட்டீர்கள். நேப்பியரின் லத்தீன் நூலை ஆங்கிலமாக்கியவர் எட்வர்ட் ரைட், கடல்வழிக் கணக்கில் பெரிய கை. 1616ல் வந்த அந்த மொழிபெயர்ப்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்குத்தான் காணிக்கை செய்யப்பட்டது. 23 ஆண்டு கழித்து, 1639ல், மதராசப்பட்டினத்தில் இடம் வாங்கிய அதே கம்பெனி. கப்பல்காரர்களுக்கு மடக்கை எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

---

எழும்பூர்_வாசகி:

வீரசேனர் பற்றி. போடுங்கள், ஆனால் "மடக்கையைக் கண்டுபிடித்தார்" என்று போடாதீர்கள்.

9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய தவளா உரையில் அர்த்தச்சேதம் என்ற சொல் வருகிறது. ஒரு எண்ணை எத்தனை தடவை பாதியாக்க முடியும் என்பதே அது. 32ஐ ஐந்து தடவை பாதியாக்கலாம், எனவே 32இன் அர்த்தச்சேதம் 5. மூன்றால், நான்கால் வகுத்துக்கொண்டே போவதற்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இரண்டு எண்களின் பெருக்கத்துக்கு அர்த்தச்சேதம் இரண்டின் கூட்டல் என்ற விதியும் இருக்கிறது. இது அடிமானம் 2 கொண்ட மடக்கையின் கருத்தே, ஐயமில்லை. நோக்கம் வேறு. மிகப் பெரிய எண்களைத் தரம் பிரிக்க அது பயன்பட்டது. 37க்கும் 53க்கும் இடைப்பட்ட மடக்கை கண்டு பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் அட்டவணை அதில் இல்லை. "மடக்கையின் விதியை 800 ஆண்டு முன்பே சொன்னவர்" என்று எழுதினால் உண்மையும் நிற்கும், பெருமையும் நிற்கும்.

இதே வரிசையில் மிக்கேல் ஸ்டீஃபெல் என்ற ஜெர்மானியரும் வர வேண்டும். 1544ல் 1, 2, 4, 8 என்பதன் தலைமேல் 0, 1, 2, 3 எழுதி, இடப்பக்கம் அரை, கால் என்று இறங்கி −1, −2 என்று போட்டார். கீழே பெருக்கினால் மேலே கூட்டு என்றும் சொன்னார். அவருக்கும் தடையாக நின்றது படிகளின் இடைவெளி. 4க்கும் 8க்கும் நடுவில் 5, 6, 7 எங்கே? அந்த இடைவெளியை அடைத்தவர்களுக்கே மடக்கை கைவந்தது. நேப்பியர் கோடியில் ஒரு பங்குப் படியால் அடைத்தார். யோஸ்ட் பியூர்கி பத்தாயிரத்தில் ஒரு பங்குப் படியால் அடைத்தார்.

பியூர்கி சுவிட்சர்லாந்தில் பிறந்த கடிகாரக் கைவினைஞர், பிராகில் அரசவையில் வேலை. நேப்பியரைப் பாராமல் தானே செய்தார், ஆனால் அட்டவணையை 1620 வரை அச்சேற்றவில்லை. பிள்ளையைப் பெற்றவர் வளர்க்காமல் விட்டுவிட்டார் என்ற பொருளில் கெப்ளர் பின்னாளில் எழுதிக் குறைப்பட்டார்.

உங்கள் கண்காட்சிக்குப் பியூர்கி முறையே ஏற்றது. காரணம், அதில் பெருக்கலே கிடையாது. அவர் 10,00,00,000இல் தொடங்கினார். அடுத்த எண் வேண்டுமா, இருக்கும் எண்ணை நான்கு இடம் வலப்பக்கம் தள்ளி எழுதி அதோடு கூட்டு: 10,00,10,000, பிறகு 10,00,20,001, பிறகு 10,00,30,003. இவை கறுப்பு மையில். பக்கத்தில் சிவப்பு மையில் 0, 10, 20, 30. நூறு கோடியைத் தொடும்போது சிவப்பு எண் 2,30,270.022. அதாவது 23,027 படி.

23,027 படி பிள்ளைகளால் ஆகாது. 1.0001க்குப் பதில் 1.01 எடுங்கள், 232 படியில் பத்தைத் தாண்டிவிடும். செய்முறை:

1. எட்டு தசம இடம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 1, 1.01, 1.0201, 1.030301, 1.04060401. ஐந்தாவது படியில் ஒன்பதாவது, பத்தாவது இலக்கங்கள் வரும்போது முழுதாக்குங்கள்: 1.05101005. ஒவ்வொரு படியும் எண்ணை இரண்டு இடம் தள்ளிக் கூட்டுவதுதான்.

2. ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்று ஆகிவிடக் கூடாது. பத்தாவது எண் 1.10462213. முதலில் இதைக் கொண்டே பெருக்கி 20, 30, 40 என்று 230 வரை நங்கூர எண்களைத் தனியாகப் போட்டுவிடுங்கள். 100ஆவது 2.70481383 என்று வருகிறதா பாருங்கள். பிறகு ஆளுக்குப் பத்துப் படி. ஒருவரின் பத்தாவது எண் அடுத்தவரின் தொடக்கத்தோடு பொருந்த வேண்டும், கடைசி ஒன்றிரண்டு அலகு போனால் பரவாயில்லை. பொருந்தாவிட்டால் பிழை அந்தப் பத்துக்குள், அல்லது நங்கூரத்தில். நேப்பியரின் மூன்றாவது அட்டவணையும் இந்த உத்திதான். நங்கூரத்தையே இரண்டு வழியில் சரிபாருங்கள்: 100ஆவது எண்ணை 50ஆவது எண்ணின் வர்க்கமாகவும், 60ஆவது எண் × 40ஆவது எண் ஆகவும்.

3. இலக்கங்களை வெட்டாதீர்கள், முழுதாக்குங்கள். வெட்டினால் எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சேரும். 232 படியில் அது கடைசி இலக்கத்தில் சராசரியாக 450 அலகு வரை வளரும். எட்டு இடம் வைத்திருந்தால் 0.0000045, கவலையில்லை. நான்கே இடம் வைத்திருந்தால் 0.045. பத்தின் அருகே ஒரு படியின் அகலம் 0.1தான், பாதிப் படியே தவறிவிடும்.

4. இனி 2ஐத் தேடுங்கள். 69ஆவது எண் 1.986894, 70ஆவது 2.006763. இடைச்செருகினால் 69.6596. பத்து 231க்கும் 232க்கும் நடுவில், 231.4067. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.30103. பொது மடக்கை வந்துவிட்டது. 3க்கு 110.41 வரும். 69.66 + 110.41 = 180.07. அட்டவணையில் 180.07க்கு நேரே 6 இருப்பதைப் பார்வையாளர் கண்ணாலேயே பார்க்கலாம்.

இடைச்செருகலால் மூன்றாவது தசமத்தில் ஓர் அலகு போகும் (சரியான மதிப்பு 69.6607). அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1.01 என்ற படி அகலமாக இருப்பதன் விலை அது. பியூர்கி 1.0001 எடுத்தது அந்த விலையைக் குறைக்க.

இன்னொன்று. 100ஆவது எண் 2.7048 என்று வந்ததல்லவா? பியூர்கி அட்டவணையில் 10,000ஆவது எண் 2.71815. படியைச் சின்னதாக்கச் சின்னதாக்க அது 2.71828ஐ நெருங்குகிறது. இயல்மடக்கையின் அடிமானம் யாரும் பெயரிடாமலே 1620இலேயே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அட்டவணையால் பெருக்கலைத் தவிர்ப்பது தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கர்கள் சந்திரனின் இருப்பிட எண்களைச் சொற்களில் அடக்கிய 248 வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1825ல் மதராசில் வெளிவந்த ஜான் வாரனின் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, எழுத்தே இல்லாமல் சந்திர கிரகணம் கணித்தது பதிவாகியிருக்கிறது. மடக்கை வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒரே வலிக்குக் கண்ட மருந்து.

---

சூளைமேடு_கணிதம்:

மூவருக்கும் மிக்க நன்றி. 1.01 அட்டவணையை எடுத்துக்கொள்கிறோம்.

பிரிக்ஸ் பற்றி ஒரு துணைக் கேள்வி. அவர் 10க்குத் திரும்பத் திரும்ப வர்க்கமூலம் எடுத்தார் என்று படித்தோம். எட்டு இலக்கச் சாதாரணக் கால்குலேட்டரில் 10க்குப் பத்து முறை மூலம் எடுத்தால் 1.0022511, 2க்குப் பத்து முறை எடுத்தால் 1.0006770. ஒன்றைக் கழித்து வகுத்தால் 0.30074. சரி, இன்னும் துல்லியம் வரட்டும் என்று 15 முறை எடுத்தால் 0.0000210 ÷ 0.0000701 = 0.29957. கூடுதலாக எடுத்தால் மோசமாகிறதே, பிரிக்ஸுக்கு எப்படிச் சரியாக வந்தது?

---

அடையாறு_ஆலமரம்:

இரண்டு பிழைகள் எதிரெதிராக இழுக்கின்றன, டீச்சர்.

முதல் பிழை முறையிலேயே இருப்பது. 1ஐ ஒட்டிய எண்களுக்கு, 1க்கு மேல் எவ்வளவு மிச்சமோ அதற்கு நேர்விகிதத்தில் மடக்கை என்று எடுத்துக்கொள்கிறோம். அது முற்றிலும் சரியல்ல, எண் 1ஐ நெருங்க நெருங்கத்தான் சரியாகும். இலக்கம் வெட்டாமலே பத்து முறை மூலம் எடுத்திருந்தாலும் 0.30079தான் கிடைத்திருக்கும். இந்தப் பிழை குறைய மூலம் கூட வேண்டும்.

இரண்டாவது பிழை கருவியில் இருப்பது. ஒவ்வொரு மூலத்துக்கும் மிச்சம் பாதியாகிறது, பூச்சியங்கள் முன்னால் நிரம்பிப் பயனுள்ள இலக்கங்களைத் தள்ளிவிடுகின்றன. 15ஆவது மூலத்தில் உங்களிடம் மிஞ்சியது 210 என்ற மூன்று இலக்கம். கால்குலேட்டர் முழுதாக்காமல் வெட்டியதால் அது உண்மையில் 211.5. 210இல் ஒன்றரை போனால் நூற்றுக்கு முக்கால் பங்கு பிழை. 10இன் பக்கமும் 702.7 என்பது 701 ஆகிவிட்டது.

பிரிக்ஸ் இதைத் தெரிந்தே இறங்கினார். 10க்கு 54 தடவை வர்க்கமூலம், முப்பது இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, எல்லாம் கையால். கடைசி எண்:

1.00000000000000012781914932003235

புள்ளிக்குப் பின் 15 பூச்சியம். அவர் சுமந்த இலக்கங்களில் பாதி இந்தப் பூச்சியங்களுக்கே போயிற்று, மீதிப் பாதி 14 இலக்க அட்டவணைக்கு மிஞ்சியது. முப்பது இலக்கம் சுமந்தது ஆடம்பரமல்ல, கணக்குப் பார்த்துச் செய்தது. 54 முறை பாதியான மடக்கை, 17ஆவது தசம இடத்தில் 55511151231 என்று தொடங்கும் எண். அதை மேலே உள்ள மிச்சத்தால் வகுத்தால் 0.4342944819. பிறகு எந்த எண்ணையும் 1ஐ ஒட்டிக் கொண்டுவந்து, மிச்சத்தை இதால் பெருக்கி, எத்தனை முறை மூலம் எடுத்தோமோ அத்தனை முறை இரட்டித்தால் அதன் மடக்கை. வர்க்கமூலத்தின் உழைப்பைக் குறைக்க, அடுத்தடுத்த மிச்சங்களின் வித்தியாசத்திலேயே ஒரு ஒழுங்கு இருப்பதைக் கண்டு, மூலத்தைக் கழித்தலாலேயே பெறும் வழியையும் உண்டாக்கினார்.

அவருடைய இன்னொரு தந்திரம் உங்கள் கால்குலேட்டரிலேயே வேலை செய்யும். 2ஐ நேராகத் தொடாதீர்கள். 2இன் பத்தாவது அடுக்கு 1024. அதை ஆயிரத்தால் வகுத்தால் 1.024, ஏற்கெனவே 1ஐ ஒட்டி நிற்கிறது. பிரிக்ஸ் இதற்கு 47 மூலம் எடுத்தார். நீங்கள் நான்கே எடுங்கள்: 1.0119288, 1.0059467, 1.0029689, 1.0014833. மிச்சம் 0.0014833. இதை 10இன் பத்தாவது மூலத்தின் மிச்சமான 0.0022511ஆல் வகுத்தால் 0.65892. 1.024க்கு 4 மூலம், 10க்கு 10 மூலம். வித்தியாசம் 6, ஆகவே 64ஆல் வகுக்க வேண்டும்: 0.0102957. அதுதான் 1.024இன் மடக்கை. 3ஐக் கூட்டி 10ஆல் வகுத்தால் 0.3010296.

அதே எட்டு இலக்கக் கால்குலேட்டர், ஐந்து தசமம் சரி. கடைசியில் பத்தால் வகுக்கும்போது பிழையும் பத்தில் ஒன்றாகிறது. அதோடு ஒரே அளவு மிச்சம் உள்ள இரண்டு எண்களை ஒப்பிடுவதால் முதல் வகைப் பிழையும் பெரும்பகுதி அடிபட்டுப்போகிறது. முதலில் 0.29957ஐயும் பிறகு இதையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து காட்டுங்கள்.

---

மாம்பலம்_கணக்கர்:

சென்னைத் தொடர்புக்கு இன்னொரு இடம்: பரங்கிமலை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அதன் அருகே ஏறக்குறைய ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். இந்தியப் பெரு முக்கோண அளவை அதிலிருந்து கிளம்பியது. தரையில் அளப்பது அந்த ஒரு பக்கத்தை மட்டும். பிறகு கோணங்களை மட்டும் அளந்துகொண்டு, முக்கோணம் மேல் முக்கோணமாக மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றும் சைன் விதி, ஒவ்வொன்றும் மடக்கைக் கூட்டல் கழித்தல்.

பிள்ளைகளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு, எண்கள் நான் வைத்தவை. அடிக்கோடு 40,000 அடி. அதற்கு எதிர்க்கோணம் 63 பாகை. நமக்கு வேண்டிய பக்கத்தின் எதிர்க்கோணம் 62 பாகை.

40,000இன் மடக்கை 4.60206
62 பாகைச் சைன் மடக்கை 9.94593, கூட்டுக
63 பாகைச் சைன் மடக்கை 9.94988, கழிக்க
விடை 4.59811. எதிர்மடக்கை 39,638 அடி.

இங்கே பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்: 62 பாகையின் சைன் 0.88295, ஒன்றைவிடச் சிறியது, அதன் மடக்கை −0.05407 அல்லவா, பழைய லாக் புத்தகத்தில் 9.94593 எப்படி? பத்தைக் கூட்டி அச்சிட்டிருக்கிறார்கள். ஆரத்தை 1 என்று வைக்காமல் ஆயிரம் கோடி என்று வைத்த பழக்கம் அது. ஆயிரம் கோடியின் பொது மடக்கை 10. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழிக்கும் இந்தக் கணக்கில் இரண்டு பத்தும் அடிபட்டுவிடும். இரண்டு சைன்களைக் கூட்ட மட்டும் செய்தால் ஒரு பத்து மிஞ்சும், அதைக் கையால் கழிக்க வேண்டும். லாக் புத்தகக் கணக்கில் விடை திடீரென்று நம்ப முடியாத அளவு பெரிதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பத்துதான்.